ஏழு மீட்டர் கூரை வரை: பத்து நாள் பயணக் குறிப்பு

ஜூன் 16, திங்கள். காட்ஸ்ஹில், நியூ ஃபாரஸ்ட்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கர் எனப்படும் தடித்த கான்கிரீட் காப்பரண்களைக் குண்டுகளால் உடைக்கச் சோதித்த இடங்களைத் தேடிப் போன பயணம் இது. முதல் இடம் தெற்கு இங்கிலாந்தில். காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்து வண்டி நிறுத்தத்திலிருந்து தெற்கே இறங்கினால் ஹெதர் புதரும் இடுப்பளவு பெரணியும்தான். காடு என்று பேர் இருந்தாலும் இந்தப் பக்கம் மரம் குறைவு. அரைக்கால் சட்டை போட்டு வருபவர்களை எதிரே நாயோடு வந்த பெரியவர் ஒவ்வொருவராக நிறுத்தி எச்சரித்துக்கொண்டிருந்தார்: பெரணிக்குள் உண்ணி இருக்கிறது, காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், சாயங்காலம் முழங்காலுக்குப் பின்பக்கம் பாருங்கள். நல்ல அறிவுரை. மாலையில் பார்த்தபோது இரண்டு உண்ணி இருந்தன. மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் கொக்கி 5 பவுண்டு. நசுக்காமல், மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

இது ஆஷ்லி வாக் குண்டுவீச்சுச் சோதனைத் தளம். 1940 ஆகஸ்டில் திறந்தார்கள். 5,000 ஏக்கர், சுற்றி ஒன்பது மைல் வேலி. பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடம் இருந்த குண்டு வகைகளையெல்லாம் இங்கே போட்டுப் பார்த்தது. பள்ளங்களில் பல இன்று குட்டைகள். குதிரைக்குட்டிகள் அவற்றில் தண்ணீர் குடிக்கின்றன. குட்டையின் வட்டத்தைக் காலடியால் அளந்தாலே சிறிய குண்டா பெரிய குண்டா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பிட்ஸ் வுட்டுக்கு அருகில் ஒரு புல்மேடு இருக்கிறது. தெரியாதவர்கள் ஏறி இறங்கிப் போய்விடுவார்கள். ஓரத்தில் மண் சரிந்த இடத்தில் கான்கிரீட்டின் மூலை எட்டிப் பார்க்கிறது. 1941-இல் கட்டிய சோதனைக் கட்டடம் அது: ஏறக்குறைய 24 மீட்டருக்கு 21 மீட்டர், கூரை 1.8 மீட்டர் கனம். உள்ளூரில் நீர்மூழ்கிக் கொட்டில் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் அது வான்தாக்குதலைத் தாங்கும் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க எழுப்பியது. போருக்குப் பிறகு அதை இடிக்காமல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள்.

1945 மார்ச் 13 அன்று இந்தத் தளத்தில் விழுந்தது கிராண்ட் ஸ்லாம் என்ற பெருங்குண்டு, ஒரே ஒன்று. ஏறக்குறைய 10 டன் எடை, 8 மீட்டர் நீளம். அதை வடிவமைத்த பார்ன்ஸ் வாலிஸின் கணக்கு அன்றைய வழக்கத்துக்கு நேர் எதிரானது. நகரங்கள்மீது போட்ட பெரிய குண்டுகள் மெல்லிய தகரத்துக்குள் எவ்வளவு வெடிமருந்து அடைக்க முடியுமோ அவ்வளவு அடைத்தவை. கான்கிரீட்மேல் விழுந்தால் உடல் கிழிந்து, மேலேயே வெடித்துத் தீர்ந்துபோகும். வாலிஸின் குண்டில் பாதிக்கு மேல் எஃகுதான். உடலை மணல் அச்சில் ஒரே வார்ப்பாக வார்த்துக் கடைந்தார்கள். வெடிமருந்தை உருக்கி வாளி வாளியாக ஊற்றினார்கள். அது ஆறி இறுக ஒரு மாதம் பிடித்தது. அவசரப்பட்டால் உள்ளே வெற்றிடம் விழும், மோதும் அதிர்ச்சியில் மருந்து தானே வெடித்துவிடும்.

வால் துடுப்புகள் நேராக இருந்தால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குண்டு தள்ளாடும். டால்பாய் என்ற 5.4 டன் குண்டில் துடுப்பை 5 டிகிரி சாய்த்து வைத்ததும், துப்பாக்கி ரவைபோலச் சுழன்று நேராக இறங்கியது. வெடிக்கவைக்கும் பொறி பின்பக்கத்தில் மூன்று. மோதுகிற வேகத்தில் ஒன்றோ இரண்டோ செத்துப்போகும் என்று முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

குறி கட்டடத்தின் உச்சி அல்ல, அதன் பக்கத்து மண். குண்டு ஆழப் புதைந்து, சில நொடி கழித்து வெடித்தால் அடியில் ஒரு குகை உண்டாகும். மேலே நிற்பது தன் எடையாலேயே உள்ளே சரியும். இங்கே உண்டான பள்ளம் 100 அடிக்கு மேல் அகலம். மறுநாளே, 11 நொடித் தாமதப் பொறியோடு, ஜெர்மனியின் பீலஃபெல்ட் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டார்கள். வளைவுகள் சரிந்தன. முழு எடையில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் போருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதை இந்தக் குட்டைகளின் நடுவே நின்று நினைத்தால்தான் உறைக்கிறது.

ஃபோர்டிங்பிரிட்ஜில் மதிய உணவு: ரொட்டி, செடார் பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெங்காயம், ஒரு ஆப்பிள், 14 பவுண்டு. குழாய்த் தண்ணீர் கேட்டதும் பெரிய கூஜாவில் பனிக்கட்டி போட்டுக் கொண்டுவந்தார்கள், காசு வாங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய். ஹாங்க்லி காமன், சர்ரே

இன்னும் சூடு. இது ராணுவப் பயிற்சி நிலம். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. தரையில் கிடக்கிற உலோகத் துண்டு எதையும் தொடக்கூடாது. புல் காய்ந்து கிடந்ததால் நுழைவுப் பலகையில் தீ எச்சரிக்கை வேறு.

லயன்ஸ் மவுத் என்ற இடத்தில் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சுவர் நிற்கிறது. நீளம் ஏறக்குறைய 100 மீட்டர், உயரம் 3, கனம் 3.5. உயரத்தைவிடக் கனம் அதிகம் என்பதை முதலில் கண் நம்பவில்லை. 1943-இல் கனடாப் படையினர் கட்டியது. பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மானியர்கள் எழுப்பிய அட்லாண்டிக் சுவரின் நகல் இது; எப்படி உடைப்பது என்று பழகுவதற்காகவே கட்டினார்கள். 1942 ஆகஸ்டில் பிரான்ஸின் தியெப் கரையில் நேச நாட்டு டாங்கிகள் இறங்கியும் நகரத்துக்குள் போக முடியவில்லை. தெருவை அடைத்திருந்த கான்கிரீட்டைத் தகர்க்க வேண்டிய பொறியாளர்கள் திறந்த வெளியில் சுடப்பட்டு விழுந்தார்கள். வெடிமருந்தையும் ஆளையும் கவசத்துக்குள் வைத்தே சுவர்வரை கொண்டுபோக வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பொறியாளர்களுக்கான சர்ச்சில் டாங்கி.

அதன் முன்னால் பெட்டார்ட் என்ற குட்டை மோர்ட்டார். 290 மில்லிமீட்டர் வாய், 18 கிலோ குண்டு, பலன் தரும் தூரம் 70, 80 மீட்டர்தான். வீரர்கள் அதைப் பறக்கும் குப்பைத்தொட்டி என்றார்கள். குறை எங்கே என்றால், ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மேல்பக்கமாக மடித்து, டாங்கியின் முன்மூடியைத் தள்ளித் திறந்து, உள்ளிருப்பவர் இரண்டு கையையும் வெளியே நீட்டித்தான் நிரப்ப வேண்டும். எதிரியின் சுவருக்கு 80 மீட்டரில் கை வெளியே!

இந்தச் சுவரில் இரண்டு பெரிய வாய் பிளந்திருக்கிறது. அவற்றைச் செய்தது டபுள் ஆனியன்: டாங்கியின் மூக்கில் செங்குத்தான இரும்புச் சட்டம், அதில் பெரிய வெடிப்பொதிகள். ஓட்டி வந்து சுவரில் சாய்த்துவிட்டு, பின்வாங்கி, தூரத்திலிருந்து வெடிக்கவைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். கான்கிரீட் மாவாகிப் போயிருக்கிறது, கம்பி அறுபடவில்லை. துருப்பிடித்த கம்பிகள் இன்னும் அந்த வாயில் பற்களைப்போல வளைந்து நிற்கின்றன. வெடி என்பது நசுக்கும் வேலை. ஜல்லியையும் சிமென்ட்டையும் பொடியாக்கும், இழுவைத் தாங்கும் கம்பியை மடக்கிவிட்டுப் போகும். திறந்த வழியில் சக்கரமும் சங்கிலியும் சிக்காமல் போக, பிறகு ஆள் வந்து கம்பியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் இடிபாட்டின்மேல் மண் தள்ள வேண்டும்.

பக்கத்திலேயே நட்டுவைத்த ரயில் தண்டவாளத் துண்டுகள், டாங்கித் தடைக் கட்டைகள். அவற்றைவிட மனத்தில் நின்றது வேறு. இந்த மண் புளிப்பு மண். சுண்ணாம்பை விரும்பும் பெரணியும் பாசியும் இந்த வட்டாரத்தில் வளராது. சுவரில் மட்டும் வளர்கின்றன, சிமென்ட்டின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு. உருப்பெருக்கியோடு வந்திருந்த ஒரு அம்மா விரிசலுக்குள் இருந்த சின்னப் பெரணியைக் காட்டி, கை வைத்து ஏறாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஏறவில்லை.

ஜூன் 18, புதன். டோவரிலிருந்து சாந்தோமேர்

நடந்து ஏறும் பயணிகளுக்கு பிரான்ஸ் போகும் இந்தக் கடவையில் கப்பல் குறைவு. நம்பி வந்த ஒன்று இரண்டரை மணி நேரம் தாமதம். கலேயில் கடைசி ரயிலைப் பிடித்து சாந்தோமேர் சேர்ந்தபோது இரவு பத்தரை, எல்லா அடுப்பும் அணைந்திருந்தது. சதுக்கத்தில் ஒரு துருக்கிக் கடை மட்டும். உருளைக்கிழங்கு வறுவலும் ஆட்டிறைச்சியும் ரொட்டிக்குள், 9 யூரோ. கடைக்காரர் மூடியிருந்த எண்ணெய்ச் சட்டியை மறுபடி சூடாக்கினார்.

ஜூன் 19, வியாழன். எபர்லெக்

வாட்டன் நிலையத்தில் இறங்கினால் காட்டுக்குள் நாலைந்து கிலோமீட்டர் நடை. நிழல் உண்டு, பேருந்து இல்லை. தண்ணீர் எடுத்துப் போவது நல்லது.

மரங்கள் விலகியதும் அது நிற்கிறது. படம் பார்த்துப் போனாலும் அளவு பிடிபடாது. வி-2 ராக்கெட்டுக்கு எரிபொருள் நிரப்பி ஏவ ஜெர்மானியர்கள் 1943 மார்ச்சில் தொடங்கிய கட்டடம். அந்த ஆண்டு கோடையில் வான்படங்களைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள், கட்டட ஒப்பந்தக்காரரான சர் மால்கம் மெக்கால்பைனிடம் யோசனை கேட்டார்கள். தளம் போட்டு இறுகுவதற்கு முன் அடியுங்கள் என்றார் அவர். எந்தக் கொத்தனாருக்கும் விளங்குகிற யோசனை. இறுகிய கான்கிரீட்டை உடைக்கக் குண்டு தேடுவதைவிட, ஈரத்தில் சென்ட்ரிங்கையும் கம்பிக்கட்டையும் சாய்த்துவிட்டால் கலவை தாறுமாறாக உறைந்து, மறுபடி தொடவே முடியாத குவியலாகிவிடும்.

ஆகஸ்ட் 27 அன்று 180-க்கும் மேற்பட்ட அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வந்து அதைத்தான் செய்தன. வடக்குப் பகுதியில் இன்றைக்கும் அந்தக் குவியலைப் பார்க்கலாம்: கம்பிகள் கோரைப்புல் மாதிரி சாய்ந்து, அவற்றின்மேல் கலவை வழிந்து உறைந்த நிலையில். வேலையாட்கள் முறை மாறும் நேரம் பார்த்துத்தான் தாக்குதலை வைத்திருந்தார்கள். ஆனால் அன்றைய வேலையை முடிக்க ஜெர்மானியர்கள் முறை நேரத்தை மாற்றியிருந்தார்கள். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் பலர் அங்கேயே இறந்தார்கள். அந்தக் கம்பிகளுக்கு முன்னால் யாரும் உரக்கப் பேசவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட.

தெற்குப் பகுதியை ஜெர்மானியர்கள் திரவ ஆக்சிஜன் தொழிற்கூடமாக மாற்றி, கட்டும் முறையையே தலைகீழாக்கினார்கள். முதலில் கூரை. 5 மீட்டர் கனம், 37,000 டன். தாழ்வாக வார்த்து, நீரழுத்த ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாக உயர்த்தி, அடியில் சுவரை எழுப்பிக்கொண்டே போனார்கள். வேலை நடக்கும்போதே தலைக்குமேல் காப்பு. உள்ளே போய்ச் சுவரைப் பாருங்கள், வார்ப்பு மட்டங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். 1944-இல் டால்பாய் விழுந்த தழும்பு கூரையில் இருக்கிறது, ஓட்டை இல்லை.

1945 பிப்ரவரியில் இதே கூரை சோதனைத் தட்டானது. அதற்குள் நேச நாட்டுப் படைகள் இந்த ஊரைப் பிடித்துவிட்டிருந்தன. அளவு எடுக்க வசதி. சோதித்தது டிஸ்னி என்ற ராக்கெட் குண்டு, பிரிட்டிஷ் கடற்படையின் எட்வர்ட் டெரல் வடிவமைத்தது. 5 மீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர்தான் விட்டம், 2 டன் எடை. வெடிமருந்து கால் டன்னுக்கும் குறைவு. 20,000 அடியிலிருந்து விட்டால் 5,000 அடி உயரத்தில் காற்றழுத்தப் பொறி வாலில் உள்ள 19 ராக்கெட்டுகளைப் பற்றவைக்கும். நொடிக்கு 440 மீட்டர் வேகத்தில் மோதும். எடை ஒன்றானால் ஒல்லியானது ஆழம் போகும். கடப்பாரை இறங்குகிற மாதிரி சம்மட்டி இறங்காது. 5 மீட்டர் கான்கிரீட் துளைக்க வேண்டும் என்பது இலக்கு. எபர்லெக்கில் ஒன்று சுவருக்கு நேர்மேலே கூரையில் பட்டது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. ராக்கெட் எரியும் நேரத்தில் ஒரு சிறு சாய்வு இருந்தாலும் அந்த வேகம் அதைப் பெரிதாக்கிவிடும். துளைக்கிற சக்தியும் குறிதவறாமையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன.

இரவு கார்போனாட்: பீரில் வேகவைத்த மாட்டிறைச்சி, இஞ்சிரொட்டி கரைத்த இனிப்புக் குழம்பு, தட்டு நிறைய வறுவல், 18 யூரோ. நடந்து வந்த களைப்புக்கு உப்பும் இனிப்பும் சேர்ந்து இதமாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி. லா கூப்போல், பிறகு ரயில்

நகரிலிருந்து வாடகை மிதிவண்டியில் (15 யூரோ) விசேர்ன் சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு. இதுவும் வி-2 ராக்கெட்டுகளை ஏவ ஜெர்மானியர்கள் கட்டத் தொடங்கிய இடம். குன்றின் உச்சியில் 71 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், 5 மீட்டர் கனம். அடியில் சுரங்கப் பாதைகள். 1944 ஜூலை 17 அன்று டால்பாய்கள் வந்தன. குவிமாடம் தாங்கியது. அது உட்கார்ந்திருந்த சுண்ணாம்புப் பாறை தாங்கவில்லை: குன்றின் முகம் சரிந்து, பாதைகள் அடைபட்டு, வேலை நின்றது. ஆஷ்லி வாக்கில் மண்ணைக் குறிவைத்தது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெங்கும் கிடைக்காது. பங்கர் எவ்வளவு பலமோ அதன் அஸ்திவாரமும் அவ்வளவு பலமாக இருந்தால்தான் உண்டு.

சுரங்கத்துக்குள் குளிர் எலும்பு வரை இறங்கியது. வெளியே 30 டிகிரி. ஸ்வெட்டர் கட்டாயம்.

கொலோனில் இணைப்பு ரயில் தவறியது. பிரெமன் சேர்ந்தது நள்ளிரவுக்கு மேல்.

ஜூன் 21, சனி. பிரெமன்

துணி துவைக்கவே பாதி நாள். மதியம் க்னிப்: ஓட்ஸும் பன்றி இறைச்சியும் சேர்த்து வேகவைத்து, வாணலியில் முறுகப் பொரித்தது, கூடவே ஊறுகாய் வெள்ளரி, உருளைக்கிழங்கு, 16 யூரோ. ஓரம் கருகியிருந்தால்தான் ருசி என்று பரிமாறிய பெண் சொன்னார், கருகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு. ஃபார்கே, பங்கர் வாலன்டின்

உள்ளூர் ரயிலின் கடைசி நிலையம் ஃபார்கே. அங்கிருந்து வீடுகள், ரோஜாத் தோட்டங்கள், வேசர் ஆற்றின் காற்று. தெருமுனை திரும்பினால் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு சாம்பல் நிறச் சுவர். 426 மீட்டர் நீளம், 97 மீட்டர் அகலம். 21-ஆம் வகை நீர்மூழ்கிகளைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, உள்ளேயே கோத்து, ஆற்றில் இறக்குவதற்காக 1943-இல் தொடங்கினார்கள். ஒரு நீர்மூழ்கிகூட இங்கிருந்து போகவில்லை. 10,000-க்கு மேற்பட்டோர் இங்கே வேலைக்கு ஓட்டப்பட்டார்கள்: போர்க்கைதிகள், நாய்யன்காமே வதைமுகாமின் கிளையிலிருந்து வந்த கைதிகள், கட்டாயத் தொழிலாளர்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தூக்கி ஓடும் குழுவும், இரும்பு சுமக்கும் குழுவும்தான் மிகக் கொடியவை. ஆவணங்களில் உறுதியான சாவுகள் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும்.

இந்தக் கூரையைப் பற்றிப் பேசும் யாரும் அந்த மூட்டைகளிலிருந்து தொடங்க வேண்டும். குண்டின் எடை, துளையின் ஆழம் என்று அளவுகளை மட்டும் சொல்லிப் போனால், அந்த அளவுகள் யார் முதுகின்மேல் எழும்பின என்பது விட்டுப்போகும்.

கூரையைப் போட்ட விதம்: உள்ளே கம்பியை இழுத்து முன்னிறுக்கிய கான்கிரீட் வளைவுகளைக் களத்திலேயே வார்த்து, ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவர்மேல் வரிசையாக வைத்தார்கள். அவையே சென்ட்ரிங் ஆயின; அடியில் முட்டுக்கொடுக்கும் மரக்காடு தேவைப்படவில்லை. மேலே கலவையைக் கொட்டி 4.5 மீட்டர். பிறகு இரண்டாம் அடுக்குப் போட்டு 7 மீட்டருக்கு மேல் உயர்த்தத் தொடங்கினார்கள். அது முடிவதற்குள் 1945 மார்ச் 27 வந்துவிட்டது.

பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆம் ஸ்குவாட்ரன் போட்ட கிராண்ட் ஸ்லாம்களில் இரண்டு, 4.5 மீட்டர் மட்டுமே கனம் இருந்த மேற்குப் பகுதியில் விழுந்தன. இரண்டும் கூரையை முழுதாகத் துளைக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏறக்குறைய பாதிக் கனம் இறங்கி, அங்கே வெடித்தன. மீதிப் பாதியைக் கீழே தள்ளியது வெடிப்பு. பார்வை மேடையில் நின்று அண்ணாந்து பார்த்தால் இது தெரியும்: துளையின் மேல்வாயைவிட உள்வாய் அகலம். கம்பிகள் உள்பக்கமாகத் தொங்குகின்றன. கீழே இடிபாடு அப்படியே கிடக்கிறது, ஆயிரம் டன் அளவில்.

இந்த உள்வாய் ஏன் அகலம் என்பதுதான் பங்கர் சோதனை முழுவதற்கும் அடிப்படை. மேலே விழும் அடி கான்கிரீட்டுக்குள் அழுத்த அலையாகப் போகிறது. அழுத்தத்தைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். அலை உள்கூரையை, அதாவது காற்று தொடும் பரப்பை அடைந்ததும், அப்பால் போக இடமில்லாமல் இழுவை அலையாகத் திரும்புகிறது. இழுவையைத் தாங்கும் பலம் அழுத்த பலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உள்பக்கம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து பறக்கிறது. எனவே குண்டு உள்ளே வராமலே உள்ளிருப்பவர் சாகலாம். ஜெர்மன் கரையோர பங்கர்களின் 2 மீட்டர் கூரைகளுக்கு அடியில் ஐ வடிவ உத்திரங்களையும் இடையில் இரும்புத் தகடுகளையும் வைத்தது இந்த உதிர்வைப் பிடிக்கத்தான்.

மார்ச் 30 அன்று அமெரிக்க விமானப்படை 60-க்கு மேற்பட்ட டிஸ்னிகளை இங்கே விட்டது. பட்டது ஒன்று.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து ஃபார்கேயைச் சோதனைத் தளமாக்கின. பெயர் ப்ராஜெக்ட் ரூபி. இங்கிலாந்தின் மார்ஹம் தளத்திலிருந்து அமெரிக்க பி-29 விமானங்கள், பிரிட்டனின் 15-ஆம் ஸ்குவாட்ரனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள். கிராண்ட் ஸ்லாம், டால்பாய், டிஸ்னி, அமெரிக்காவின் அமேசான் என எல்லாவற்றையும் போட்டார்கள். பக்கத்தில் ஊரும் மின்நிலையமும் இருந்ததால் வெடிமருந்து இல்லாத குண்டுகள் மட்டும். துளைக்கும் ஆழமும் உடல் தாங்குகிறதா என்பதும்தான் கேள்வி. வெடிமருந்து நிறைத்தவற்றுக்கு ஹெலிகோலாந்து தீவின் நீர்மூழ்கிக் கொட்டிலை ஒதுக்கினார்கள்.

சோதனைக்காரர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தவை நான்கு. உடல் உடைகிறதா. உடல் தாங்கினாலும் உள்ளே மருந்து மோதலிலேயே வெடித்துவிடுகிறதா. மருந்தும் தாங்கினால், பொறி செத்துவிடுகிறதா. எல்லாம் சரியானால் குண்டு கூரைமேல் விழுகிறதா. ஒன்றில் தோற்றாலும் மீதி மூன்றும் வீண். முடிவு: கையில் இருந்த எந்தக் குண்டும் 7 மீட்டர் கூரையைத் துளைக்கத் தகுதியானதாக இல்லை. போரின்போது வெற்றி என்று பதிவான துளைகள் முடிவடையாத கூரையில் விழுந்தவை என்பதை ரூபி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆஷ்லி வாக்கின் 1.8 மீட்டரில் பழகியவர்களுக்கு இது கசப்பான விடை. சோதனைக்கூரையும் நிஜக்கூரையும் வேறு வேறாக இருந்தால் சோதனை பதில் சொல்லாது.

பிறகு இதை வெடிவைத்துத் தகர்க்கும் யோசனை வந்தது. ஊரே சேதமாகும் என்று விட்டுவிட்டார்கள். 1960-களிலிருந்து 2010 வரை ஜெர்மன் கடற்படையின் கிடங்கு. 2015 முதல் நினைவிடம். வாசலில் கட்டணம் கேட்கவில்லை. வழிகாட்டிய இளைஞர் குழுவில் ஒருவர் குண்டின் எடையைக் கேட்டதும் சொன்னார், உடனே சிமென்ட் மூட்டையின் எடையையும் சொன்னார்.

சாப்பிட அருகில் கடை இல்லை. நிலையத்துக்குத் திரும்பும் வழியில் கிடைத்தது ஒரு ஐஸ்கிரீம், 2 யூரோ.

ஜூன் 23, திங்கள். குக்ஸ்ஹாஃபன்

இரவு இடி, மழை. காலையில் காற்று நிற்கவே முடியாதபடி வீசியது. கப்பல் கிளம்பவில்லை, சீட்டை மறுநாளுக்கு மாற்றித் தந்தார்கள். துறைமுகத்தில் ஹெர்ரிங் மீனும் பச்சை வெங்காயமும் வைத்த ரொட்டி, 5 யூரோ. காக்கைபோலக் கடல்புறாக்கள் கையிலிருந்து பிடுங்கும். சுவரோடு முதுகை ஒட்டி நின்று சாப்பிட வேண்டும் என்று கடைக்காரம்மாவே சொல்லிக்கொடுத்தார்.

ஜூன் 24, செவ்வாய். ஹெலிகோலாந்து

இரண்டரை மணி நேரம். பாதிப் பயணிகள் வாந்தி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், அடிவானத்தைப் பார்த்து உட்கார்ந்தால் தப்பிக்கலாம். இஞ்சி மிட்டாய் உதவியது.

சிவப்புப் பாறைத் தீவு. காரும் இல்லை, மிதிவண்டியும் கூடாது. 1945 ஏப்ரல் 18 அன்று 969 விமானங்கள் இதைத் தாக்கின. மக்கள் பாறைக்குள் குடைந்த சுரங்கங்களில் இருந்து உயிர் பிழைத்து, பிறகு தீவிலிருந்தே அகற்றப்பட்டார்கள். ரூபியின் குண்டுகள் அடுத்து வந்தன. கொட்டிலின் கூரை இங்கே 3 மீட்டர் அளவு, ஃபார்கேயில் பாதிக்கும் குறைவு.

சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1947 ஏப்ரல் 18, பகல் ஒரு மணி. 6,700 டன் பழைய வெடிபொருள்: 4,000 டார்பிடோ முனைகள், ஏறக்குறைய 9,000 ஆழ்நீர்க் குண்டுகள், எண்ணற்ற பீரங்கிக் குண்டுகள். கொட்டிலிலும் பீரங்கி மேடைகளிலும் சுரங்கங்களிலும் அடுக்கி, கடலில் மைல் கணக்கில் தள்ளி நின்ற லாஸோ என்ற கேபிள் கப்பலிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையினர் விசையை அழுத்தினார்கள். வலசைப் பறவைகள் விலகட்டும் என்று முன்னால் சின்ன வெடிகளை வெடித்தார்கள். வானிலிருந்து போட்டுத் துளைக்க முடியாததை உள்ளே அடுக்கித் தகர்த்தார்கள். மூடிய அறைக்குள் வெடித்தால் வாயு அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளும். கூரை தன் எடையைத் தவிர வேறு எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. கொட்டில் போயிற்று. தெற்கு முனையின் பாறையும் சேர்ந்து போயிற்று. அங்கே சரிந்து உருவான இடைத்தளம்தான் இன்றைய மிட்டல்லாண்ட். அதன் பிறகும் தீவு குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாகவே இருந்தது. 1952 மார்ச் 1 அன்றுதான் மக்களிடம் திரும்பியது.

மதியம் நண்டுக் கொடுக்கு. இங்கே அதற்கு க்னீப்பர் என்று பேர். சுத்தியலும் மரப்பலகையும் தருகிறார்கள், 26 யூரோ. பலமாக அடித்தால் ஓடு சதைக்குள் குத்திவிடும். மூட்டுக்குப் பக்கத்தில் லேசாகத் தட்டினால் முழுதாக வரும். எதிர் மேசைத் தாத்தா எழுந்து வந்து தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 25, புதன். மேட்டு நிலம்

கடல் அடங்கிவிட்டது. மேல்தளம் முழுக்கக் குண்டுப் பள்ளங்கள், புல் மூடிக் கிண்ணம் கிண்ணமாக. செம்மறிகள் காற்றுக்கு ஒதுங்கி அவற்றின் அடியில் படுத்திருந்தன. அருங்காட்சியக வழிகாட்டியோடு சுரங்கத்துக்குள் இறங்கலாம். தாழ்ந்த கூரை, சுவரோரம் பெஞ்சுகள், ஈரம். பத்து நாளில் பார்த்தவற்றில் குண்டை மிக நன்றாகத் தாங்கியது இதுதான். ஆழப் பாறைக்குள் குடைந்தது.

மேற்கு ஓரத்துச் செங்குத்துப் பாறையில் கில்லமோட் என்ற கடல்பறவையின் குஞ்சுகள் குதிக்கும் காலம் இது. மூன்று வாரக் குஞ்சுக்குப் பறக்கும் இறகு இன்னும் முளைத்திருக்காது. கீழே கடலில் தகப்பன் கூப்பிட, நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறது. அந்தி நேரத்தில்தான் அதிகம் குதிக்கும் என்று முக்காலியோடு நின்றவர்கள் இடம் விட்டு நகர்ந்து நின்றார்கள். ஒன்று கல்லில் பட்டு எழும்பி, தண்ணீரில் விழுந்து, நீந்திப் போயிற்று.

நாலரைக்குக் கப்பல்.